த்ராண்டைக் கம்பளிக்கு அடியில் விட்டவளுக்கு

ஹ்ராப்னதால், ஐஸ்லாந்து
பிப்ரவரி

அன்பு மகள் யோருனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கொட்டிலில் இருக்கும் ஆடுகள் எல்லோரும் சுகம், அங்கே மெல்பர்ன் வெயில் உன்னை வறுத்தெடுக்காமல் விட்டு வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லிவிடேன் என்றார் அப்பா. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நானே சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குவேன், அப்புறம் உனக்கு ஒன்றும் புரியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நேற்று ஊர்க்கூடத்தில் குளிர்கால விருந்து நடந்தது. இன்னும் என் கன்னம் வலிக்கிறது.

முதலில் கிறிஸ்துமஸிலிருந்து வருகிறேன். உன் இங்கிலீஷ் நாவல் நம் மொழியில் வந்ததுதான் தாமதம், பள்ளத்தாக்கு முழுவதும் ஒருவருக்கொருவர் அதையே பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள். நானும் அப்பாவுமே ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாங்கி வைத்திருந்து, காகிதத்தைப் பிரித்ததும் திருதிருவென்று விழித்தோம். அங்கே உள்ளவர்கள் நீ புதிதாக ஒரு மந்திர மொழியையே படைத்துவிட்டாய் என்று கொண்டாடுகிறார்களாமே! போன வாரம் பெட்ரோல் கடைக்கு ஒரு ஜெர்மன் ஜோடி வந்தது. அந்தப் பையன் கையில் உன் சூனியக்காரியின் மந்திரத்தைப் பச்சை குத்தியிருந்தான். கேட்டில் என்று நம் கடைக்காரன் இருக்கிறானே, அவன் அதைப் படித்துவிட்டு, "தம்பி, இது எங்க வீட்ல நாயை வெளிய துரத்தச் சொல்றதுப்பா" என்று சொல்ல வாயெடுத்தவன், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விழுங்கிவிட்டானாம். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கன்றுத்தோலில் எழுதிய மொழியை நாம் இன்னும் அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நீ கெட்டிக்காரிதான்டி, நம் வீட்டுச் சாமானையே அவர்களுக்கு அதிசயமாக விற்றிருக்கிறாய்.

ஆனால் த்ராண்ட் விஷயத்தில் உன் கெட்டிக்காரத்தனம் நம் தலையில் விடிந்தது. மலைகளின் பெயரை மாற்றினாய், ஆற்றைத் திருப்பி ஓடவிட்டாய், ஆளுக்கு ஒரு கிரீடம் வைத்தாய், இருந்தாலும் எதிரிகள் வீட்டை வளைத்ததும் கம்பளிக் குவியலுக்குள் ஒளிகிற அந்தத் தொடைநடுங்கி ராஜா நம் பழங்கதையில் வரும் த்ராண்ட்தான் என்று இங்கே எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். மேல்பண்ணை ஹால்பியோர்ன் மாமா த்ராண்டின் நேர் வம்சம் என்பது உனக்குத் தெரியாதா? தன்னிலிருந்து த்ராண்ட் வரைக்கும் அப்பன் பேர் பாட்டன் பேர் ஒன்று விடாமல் ஒரே மூச்சில் சொல்வாரே! பழங்கதையில் த்ராண்ட் ஒளிந்தது நிஜம்தான். உள்ளே பெண்கள் இருக்கும்போதே வீட்டுக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் எழுந்து வந்து, அவர்கள் தப்பும் வரைக்கும் வாசலில் ஒற்றை ஆளாக நின்றானே, அதுவும் நிஜம்தானே? அதை நீ எழுதவில்லை. "பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டா உங்க பொண்ணு" என்று அப்பாவிடம் சொன்னவர், அதற்குப் பிறகு நம் வீட்டுக் காப்பியைத் தொடவில்லை. ஜனவரியில் நம் வண்டி பனியில் புதைந்தபோது டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார், கயிற்றைச் சுருட்டினார், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். உதவி வேறு, கோபம் வேறு என்பது அவர் கணக்கு. நீயும் போனில், அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், இந்த வருஷமும் வரவில்லை என்று சொல்லிவிட்டாய். அன்று ராத்திரி அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

அதனால் நேற்று நான் ஒரு முடிவோடுதான் போனேன். எப்போதும் போல ஊராரைக் கிண்டல் செய்யும் நாடகம் நடந்தது. கடைக்காரன் கேட்டில்தான் வைக்கோல் முடி வைத்துக்கொண்டு நீயாக வந்தான், தட்டச்சு மிஷின் முன்னால் உட்கார்ந்து, "த்ராண்ட், கொஞ்சம் அப்படியே இருப்பா, காப்பி குடிச்சிட்டு வந்து எழுதறேன்" என்றான், கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து தட்டில் இருந்த, புளித்து நாறும் சுறாத்துண்டைத் தடவி எடுத்தது. கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. ஹால்பியோர்ன் மாமா மட்டும் சுட்ட ஆட்டுத்தலையை முறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது, ஒளிப்பானேன். எழுந்து நின்றேன். "ஹால்பியோர்ன், என் பொண்ணு உங்க வம்சத்தை இழுத்துட்டா, தப்புதான். பஞ்சாயத்தும் வேண்டாம் நடுவரும் வேண்டாம். என்ன தண்டனைன்னு நீங்களே சொல்லுங்க, ஒத்துக்கறேன்னு இப்பவே கை குடுக்கறேன்" என்றேன். அந்தக் காலத்தில் அடிபட்டவனுக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை அதுதானே, தீர்ப்பை அவன் கையிலேயே விடுவது. அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். அந்த மனிதர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், புத்தகத்தையே கொளுத்தச் சொல்லலாம், நான் மறுக்க முடியாது.

அவர் நிதானமாகக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். எழுந்தார். "பழைய சட்டப்படி மூணு வருஷம் நாட்டை விட்டு வெளிய இருக்கணும்" என்றார். இன்னும் மூன்று வருஷமா என்று நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன் யோருன். அப்பா உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் அவரே, "இருங்கம்மா, ஏன் முகம் இப்படிப் போகுது? அவ போய் நாலு வருஷம் ஆச்சு. மூணுதான் தண்டனை. ஒரு வருஷம் அநியாயமா அதிகமா இருந்துட்டா, அதுக்கு நான்தான் ஈடு குடுக்கணும். செப்டம்பர்ல மலையிலேர்ந்து ஆடு இறக்கறப்ப அவளை வரச் சொல்லுங்க, எங்க மந்தையில அவளுக்குப் பிடிச்ச கிடாயைப் பிடிச்சுக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த புத்தகத்துல த்ராண்டை வெளிய எடுக்கச் சொல்லுங்க, பாவம், உள்ள மூச்சு முட்டும்" என்றார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் அழுதேன், சிரித்தேன், அவரைக் கட்டிக்கொண்டேன், என் சட்டையெல்லாம் சுறா வாடை. அப்பா ஆடினார்டி, உன் அப்பா! மேல்பண்ணைக்காரரோடு கைகோத்து!

அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, எழுதுகிறேன் என்று ரொட்டியும் காப்பியுமாக ஓட்டாதே. வரும்போது மெல்லிய கோட்டைக் கொண்டுவந்து நிற்காதே, செப்டம்பர் மலைக்காற்று எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்கும். உன் எழுத்து இன்னும் ஓங்கட்டும், உன் ராஜாக்கள் வாசலில் நின்று சாகும் தைரியத்தோடு இருக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு என்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் நினைவில் வை. பள்ளத்தாக்கு முழுவதும் சாட்சியாக நான் கை கொடுத்திருக்கிறேன். உன் தண்டனை முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது மகளே, இனி ஒரு நாள்கூட வெளியே இருக்க உனக்கு உரிமை இல்லை.

உன் அம்மா,
சால்வோர்