டைரக்ட்டா குடு

ஜூன் 3

அண்ணா,

கால் எப்படி இருக்கிறது? வயரிங் வேலைக்குப் போனால் ஏணியை யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறு என்று எத்தனை முறை சொன்னேன்! சரி, விழுந்தாயிற்று. திட்டி முடித்துவிட்டேன்.

ஃபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறேன் என்று அண்ணியிடம் குறைப்பட்டாயாம். அதனால் எழுதுகிறேன். போதுமா?

உன் ஊரிலிருந்தே ஒரு வழக்கு எங்கள் தடயவியல் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. குளியலறையில் ஹீட்டரைத் தொட்டு ஒரு பெண் இறந்துபோனாள். கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவன்தான் கொன்றான் என்று பெண்ணின் அப்பா புகார் கொடுக்க, ஆள் மூன்று வாரமாக உள்ளே இருக்கிறான். ஹீட்டருக்குப் போகும் லைனை யாரோ, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப் ஸ்விட்சில் சேர்க்காமல் மெயினிலிருந்து டைரக்ட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு கசிந்தாலும் ட்ரிப் ஆகாது. “எனக்குத் தெரியாது சார், நான் வெளியூர்ல இருந்தப்ப அவ யாரையோ கூப்பிட்டுப் பாத்திருக்கா” என்கிறான். எல்லாரும் சொல்கிற கதைதான். இது தொழில் தெரிந்தவன் வேலை. அந்த வீட்டில் தொழில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். 24ஆம் தேதி கோர்ட்டில் அப்படியே சொல்லப்போகிறேன்.

தம்பி


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகுமாம். உன் அண்ணி என்னைப் பீன்ஸ் உரிக்க உட்கார்த்தி வைத்திருக்கிறாள். “வயர் உரிக்கிற மாதிரி உரிக்காதீங்க, உள்ள இருக்கிறதும் போகுது” என்று சிரிப்பு வேறு.

ஆளைப் பார்க்காமலே அவன்தான் என்கிறாயே. ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்த்தாயா, இல்லை படத்தை வைத்தே முடிவு கட்டிவிட்டாயா? பள்ளிக்கூடத்திலேயே நீ விடையை முதலில் எழுதிவிட்டு வழியை அப்புறம் தேடுகிறவன்.

எந்தத் தெரு என்று எழுதவில்லையே. எந்த வீடு அது?

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

படத்தை வைத்து முடிவு கட்டுகிறவன் நானில்லை. நேற்று நேரிலேயே போனேன். உன் வீட்டுக்கு வர நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறது. ஸ்விட்சில் கோளாறில்லை. பிளக்கில், கசிவை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பியை யாரும் வெட்டவில்லை, பச்சை பூத்து, அரித்துத் தானாக அறுந்திருக்கிறது. அது அவனுக்குச் சாதகம். ஆனால் டைரக்ட் லைன் தானாக முளைக்குமா?

ஒரு வேடிக்கை கேள். லைனுக்குப் போடச் சிவப்பு வயர் பற்றவில்லை போலிருக்கிறது, பச்சையைப் போட்டிருக்கிறான். பச்சை என்றால் எர்த் என்று நினைத்து யாரும் தொட்டுவிடக் கூடாதாம், சிவப்பு வயரின் தோலை அரை அங்குலம் உருவி இரண்டு முனையிலும் மோதிரம் மாதிரி மாட்டியிருக்கிறான். கொலைகாரனுக்கு அக்கறையைப் பார்! ‘பழகிய கை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

தம்பி


ஜூன் 16

தம்பி,

அது என் கை.

இந்த ஒரு வரியை எழுத ஒரு நாள் முழுக்க ஆயிற்று. உன் முதல் கடிதத்திலேயே சந்தேகம் வந்தது. வேறு வீடாக இருக்கட்டும் என்றுதான் தெருவைக் கேட்டேன். அந்தப் பெண் இறந்துபோனது உன் எழுத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டாள். “அண்ணே, ஹீட்டரைப் போட்டாலே வீடே இருட்டாயிடுது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டணும், அவரும் ஊர்ல இல்ல.” போய்ப் பார்த்தேன். ஹீட்டர் காயிலில் கரண்ட் கசிகிறது. புதுக் காயில் வர இரண்டு நாள் ஆகும் என்றான் கடைக்காரன். அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது இதுதான்: “மீட்டிங்ல இருக்கேன். ரெண்டு நாளைக்கு டைரக்ட்டா குடு, அப்புறம் மாத்திக்கலாம்.” எர்த்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், வைத்துவிட்டாய். நீ வைத்தால் என்ன, நான் சோதித்திருக்க வேண்டாமா? மறுநாள் ஏணியிலிருந்து விழுந்தேன். அவள் ஒருமுறை கூப்பிட்டாள். “வர்றேம்மா” என்றேன். மாத்திரை மயக்கத்தில் அடியோடு மறந்துபோனேன்.

நாளைக்கே வக்கீலிடம் போகிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன், அந்த ஃபோனைத் தவிர. நீயும் வாயைத் திறக்காதே. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தன் போனால் போதும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணன்


ஜூன் 25

அண்ணா,

கிழிக்கவில்லை. கோர்ட்டில் கொடுத்துவிட்டேன்.

ஷாக் அடித்தவர்களுக்குப் பிடித்ததை விட முடியாது என்று இருபது அறிக்கையிலாவது எழுதியிருப்பேன். உன் கடிதத்தை எவ்வளவு நேரம் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் வந்துதான் உட்கார வைத்தார்.

ஃபோன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 28, காலை 11.40. பத்தொன்பது நொடி. எவ்வளவு யோசித்தும் அந்த அழைப்பு எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அலுவலக டைரியையும் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு மீட்டிங்கே இல்லை, அண்ணா.

“உங்க அண்ணன்தான் ஒத்துக்கிட்டாரே, நீ எதுக்குய்யா தலையைக் குடுக்கிறே?” என்றார் எங்கள் இயக்குநர். அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் வாக்குமூலத்தில் அந்த ஃபோனையும் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வா. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு பொய் சொன்னாயென்றால் உன்னோடு பேசவே மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம்?

நேற்று அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “நீங்க போர்டைத் திறந்து பாக்கலைன்னா நான் உள்ளயே கெடந்திருப்பேன் சார். நல்லா இருக்கணும்.” கோர்ட்டுக்குள் நடந்தது எதுவும் அவனுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. நானே சொன்னேன், ஃபோன் முதல் எல்லாவற்றையும்.

அவன் கையை மட்டும் எடுத்துக்கொண்டான். “ஃபோன் பண்ணப்ப அவ பக்கத்துலதானே நின்னா? ஏதாவது சொன்னாளா சார்?” என்றான்.

“நான் கேக்கலை” என்றேன்.

தம்பி