எட்டடிப் பாதை

ரைட்டரே,

இன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. என் கோழிக்கூட்டின் கூரையில் அது தட்டுகிற சத்தத்தில்தான் எழுந்தேன். அந்தக் கூரை உன் தகரப் பலகை. 'குளுகுளு வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி மேட்டில் நட்டாயே, அதேதான். நீ செத்த வருசம் ஆடிக் காற்றில் பறந்துவந்து என் தோட்டத்தில் விழுந்தது. என் நிலத்தில் விழுந்தது எனக்குச் சொந்தம். எழுத்து கீழே பார்க்கும்படி வைத்து ஆணி அடித்துவிட்டேன். இப்போது உன் விளம்பரத்தை என் கோழிகள் தினமும் அண்ணாந்து படிக்கின்றன. ஒன்றுகூட இதுவரை மனை வாங்கவில்லை.

மஞ்சக்குட்டை டீக்கடையில் பேப்பர் படிப்பது நீ, கேட்பது நாங்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வேலை பார்த்தவன், உன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனக்கணக்கில் என்னோடு போட்டிபோட முடியாமல் வாத்தியாரே மாற்றல் வாங்கிப் போனார், அது வேறு கதை. காப்பி விலை சரிந்து எல்லாரும் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்த நாளில் நீ பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாய்:

"மாப்ளே, ஆரஞ்சு அன்னிக்கே போச்சு. இப்பக் காப்பியும் போகுது. எளவட்டமெல்லாம் அடிவாரம் எறங்கிச் சேலத்துப் பட்டறைக்குப் போயிருவானுங்க. நாளைக்கு இந்த மலையில ஊட்டுக்கு வெல கேக்க நாய்கூட வராது. உன்ற மேட்டுக் காடு வெறும் பாறை. சாமை வெதச்சாக் குருவிக்குத்தான் பத்தும். சிநேகிதத்துக்காக நான் எடுத்துக்கறேன்."

ஊட்டுக்காரி அன்றைக்கே கேட்டாள்: "ஏனுங்க, ஒண்ணுக்கும் ஆகாத காட்ட அவரு எதுக்குங்க வாங்கறாரு?"

"அதுதான் சிநேகிதம். உனக்கெங்க புரியப்போவுது?" என்றேன். அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்குத்தான் ஆறு மாதம் பிடித்தது.

அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது சேலத்துக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு ரைட்டர் மனை போடுகிறாராம். அங்கே நின்று பார்த்தால் சேலம் முழுக்கக் காலடியில் தெரியுமாம். ஒரு மனைக்கு அவர்கள் சொன்ன விலை, நீ எனக்கு முழுக் காட்டுக்கும் கொடுத்ததைவிடப் பெரிது. மலையில் நாம் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்போம், நிழல் மரத்தை எண்ணுவோம், ஊற்று இருக்கிறதா என்று கேட்போம். கண்ணால் பார்ப்பதற்கும் விலை உண்டென்று யாருக்குத் தெரியும்? நாற்பது வருசம் அந்த மேட்டில் நின்று சேலத்தைப் பார்த்தபடி ஒண்ணுக்கு இருந்திருக்கிறேன். ஒருத்தனும் காசு கேட்டதில்லை.

அன்றிரவு முழுக்கத் தூங்காமல் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலு எல்லை இருந்தது. பாறை, பலா மரம், ஆயிமரம், ஓடை எல்லாம் இருந்தது. பாதை இல்லை. எப்படி இருக்கும்? நம் ஊரில் யார் தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நடக்கிற காலை எந்த மலைக்காரன் மறித்தான்? அதனால் பாதையைப் பத்திரத்தில் எழுதுகிற வழக்கமே நமக்குக் கிடையாது. ரைட்டர் வேலை பார்த்தும் நீ மலைக்காரன்தானே. நீயும் எழுதவில்லை. ரோட்டிலிருந்து மேட்டுக்குப் போகிற ஒரே வழி என் காப்பித் தோட்டத்துக்குள் இருந்தது.

மறுநாளே கேட் போட்டேன். காட்டெருமை முட்டினால் அதற்குத்தான் தலைவலி வரும், அப்படி ஒரு கேட். பக்கத்தில் ஓராள் நடக்க இடம் விட்டேன். நம் வழக்கத்தை நான் மீறவில்லை பார்.

மனை வாங்க உன் ஆட்கள் மூன்று காரில் வந்தார்கள். டீக்கடையில் இரண்டு என்பார்கள், நம்பாதே. ஒரு பெரிய மனிதர் இறங்கிக் கேட்டார்: "ஏனுங்க, கேட்டைத் தொறக்கறீங்களா?"

"காலுக்கு வழி இருக்குதுங்க, காருக்குத்தான் இல்லீங்க. தாராளமா நடந்து போங்க."

"நாங்க நடந்துருவோம். சிமெண்ட் மூட்டையும் நடந்தே வருமா?"

"ரைட்டர் நொம்பப் படிச்சவருங்க. அவரு சொன்னா வந்தாலும் வரும்."

வந்த வழியே கார்கள் திரும்பிப் போயின. அந்தப் புகையின் வாசம் எனக்குக் காப்பிப் பூவைவிட மணத்தது.

முதல் தடவை டீக்கடையில் வைத்துக் கேட்டாய்: "மாப்ளே, ஜீப்பு போற மாதிரி எட்டடி குடு. கேட்ட வெல தாரேன்."

"பேப்பரப் பாரு ரைட்டரே, எட்டடி என்ன வெலன்னு போட்டிருப்பான்" என்றேன். கடையே சிரித்தது. நீ பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இரண்டாம் தடவை மழையில் குடை பிடித்து ஊட்டுக்கே வந்தாய். "முன்பணம் குடுத்தவங்க வந்து நிக்கறாங்க மாப்ளே. கொஞ்சம் எறங்கி வா."

"நாய்கூட வராதுன்னியே. இப்ப வந்து நிக்கறது யாரு?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். மாதிரிக்கு என்று மேட்டில் ஒரே ஒரு ஊடு கட்டினாய், செங்கல்லையெல்லாம் தலைச்சுமையாக ஏற்றி. அதில் நீயே குடியிருந்து, அதிலேயே போய்ச் சேர்ந்தாய்.

உன்னைத் தூக்கி வந்த அன்றைக்கு நான்தான் கேட்டைத் திறந்தேன். அகலமாக, இரண்டு கதவையும். மேல்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிட்டது. நீ அந்த வழியில் நடக்காமல் போனது அந்த ஒரு தடவைதான். கடைசி ஆளும் தாண்டியதும் ஊட்டுக்காரி கையைப் பிடித்தாள். "இனி பூட்டாதீங்க." பூட்டினேன்.

இப்போது மனை விலை எங்கேயோ ஏறிக் கிடக்கிறது. உன் மகன் வந்தான். "மாமா, எட்டடி குடுங்க, இல்லாட்டி மேட்டையே நீங்க எடுத்துக்கங்க" என்றான்.

"எடுத்துக்கறேன் கண்ணு. உங்கப்பன் எனக்குக் குடுத்த அதே வெல."

"மாமா, இன்னிக்கு வெலவாசி என்ன!"

"ஏறாதுன்னு உங்கப்பன்தான சொன்னான்? பெரியவங்க பேச்ச மீறக்கூடாது சாமி."

இதை மலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாயிற்று. உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மூன்றாம் தடவை கேட்டால் கொடுத்துவிடுவது என்று வைத்திருந்தேன். அன்றைக்குச் சொல்ல ஒரு நல்ல வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். நீ கேட்காமலே போய்விட்டாய். காட்டை ஏமாற்றி வாங்கினாயே, அதைக்கூட விட்டுவிடுவேன். இதை மன்னிக்க முடியாது.

கேட்டுச் சாவி என் அரைஞாணில் கிடக்கிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. போன வாரம் உன் மகன் மறுபடி வந்து கேட்டான். அது இரண்டாம் தடவை.