நீ வராத வெளியீட்டு விழா

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் சிவாஜினிக்கு,

அப்பா சுகம், அமெரிக்காவிலை நீயும் சுகமாய் இருக்க முருகனைக் கும்பிடுறன். பிரஷர் கட்டுக்குள்ளை இருக்கு, புட்டும் சொதியும் நானே செய்யப் பழகியிட்டன், அம்மாவின்ரை கைப்பக்குவம் வராது, வயிறு நிரம்பும். நீ போனைத் தூக்கிறாயில்லை எண்டபடியால்தான் இந்தக் கடிதம். உன்ரை கோபம் எனக்கு விளங்குது. இங்கை வெளியீட்டு விழா வேண்டாம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனி. அமெரிக்காவிலை ஜனாதிபதியள் நடிகர் மாதிரி ஆகினதையும், நடிகர்மாரை மேடையிலை ஏத்திச் சண்டைக்கு ஆள் சேர்த்ததையும் ஆராய்ஞ்சு நீ எழுதின புத்தகத்துக்கு, உன்ரை படத்தைப் பெரிசாய் அடிச்சு பனர் கட்டினன் நான். பேஸ்புக்கிலை அதைப் பார்த்திட்டு, என்ரை புத்தகத்தை ஒரு பக்கமாவது வாசிச்சீங்களோ எண்டு கேட்டு எழுதியிருந்தாய். வாசிச்சனான் மகள், டிக்சனரியைப் பக்கத்திலை வைச்சு முழுக்க வாசிச்சனான். சண்டைக்குப் போனவன்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது, அனுப்பினவன்ரை முகம் எல்லா வீட்டிலையும் தொங்குது எண்டு எழுதின இடத்திலை புத்தகத்தை மூடிப்போட்டன். ஊரிலை நடந்த எங்கடை சண்டையைப் பற்றி நீ ஒரு இடத்திலையும் எழுதேல்லை, ஆனா அந்த வரி எங்கையிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும்.

விழா நீ பயந்த மாதிரித்தான் நடந்தது. தலைமை தாங்கின மகாதேவன் அங்கிள் புத்தகத்தின்ரை அட்டையைத் தவிர ஒண்டும் பார்க்கேல்லை, அமெரிக்காவிலை தொடங்கி எங்கடை தமிழ்ச் சங்கத் தேர்தலிலை கொண்டுபோய் முடிச்சார். பொன்னாடையோடை வந்த சிவனேஸ்வரி அன்ரி, எழுதின ஆள் இல்லையே, ஆருக்குப் போர்த்துறது எண்டு முழிச்சுப்போட்டு எனக்கே போர்த்திவிட்டா. சனம் கை தட்டிச்சுது. வெக்கமாய்த்தான் இருந்தது, ஆனாலும் கழட்ட மனம் வரேல்லை. பிறகு ஹரிஸ் பார்க் கடையிலை வாங்கின லட்டைச் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு எல்லாரும் போயிட்டினம், நான் கதிரையளை அடுக்கி வைச்சிட்டு வந்தன்.

உள்ளதைச் சொல்லுறன். உனக்குப் புகழ் வேணும் எண்டு நான் இதைச் செய்யேல்லை. அம்மா இருக்கேக்கை, பிள்ளை சாப்பிட்டிருப்பாளோ, அங்கை இப்ப விடிஞ்சிருக்குமோ எண்டு நாள் முழுக்க உன்ரை கதைதான். அவ போனபிறகு இந்த வீட்டிலை உன்ரை பேரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆளில்லை. அண்டைக்கு மைக்கைப் பிடிச்சு, என்ரை மகள் சிவாஜினி எண்டு சொன்னன், ஒரு மண்டபம் சனம் கேட்டுக்கொண்டு இருந்தது. அதுக்குத்தான் மகள் அவ்வளவும்.

அங்கை குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு. நீயும் உன்ரை எழுத்தும் நீடு வாழ வேணும். அம்மாவின்ரை திவசம் தையிலை வருது. லீவு கிடைச்சா வா, கிடைக்காட்டி அண்டைக்கு மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இரு.

உன்ரை அப்பா,
நித்தியானந்தன்