வயிற்றுவலி எனக்கில்லை

மார்ச் 4
இன்றும் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டேன். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கணக்குப் பரீட்சைக்குன்னே வர்ற வலியா இது?" என்று சிரித்தார். அதற்குள் அவருக்குப் போன். எங்கோ லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடுவார்.

எனக்கு வலியே இல்லை. அம்மாவையும் தம்பியையும் தனியாக விட்டுப் போகப் பயம்.

மார்ச் 5
எல்லோரும் தூங்கியாயிற்று. ஏன் பயம் என்று எழுதிவிடுகிறேன்.

தம்பி பிறந்து இரண்டு மாதம். போன வாரம் தொண்டை கட்டும்வரை அழுதான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். அப்போது மெதுவாகச் சொன்னாள்: "கதவைத் திறந்துட்டு அப்படியே நடந்து போயிட்டே இருக்கலாம் போல இருக்குடி. இவனைப் பார்த்தா யார் பிள்ளையோன்னு இருக்கு."

பிறகு என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? மீறாவிட்டால்—

மார்ச் 7
வாசற்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன். அதனால் என்ன? அம்மாவுக்கு என்னைவிட உயரம் அதிகம்.

மார்ச் 9
மாடி வீட்டு அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. வாயைத் திறந்தால் கிண்டல்தான். "பதிமூணு வருஷமா மகாராணி தனிக்காட்டு ராஜ்ஜியம் பண்ணினா. இப்போ பங்குக்கு ஆள் வந்துட்டான். வயித்தெரிச்சலைத்தான் வயித்துவலிங்கிறா!"

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அத்தை இருந்தவரை நன்றாகச் சிரித்தாள். அழகு நிலையத்தில் வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைத்தே முடி வெட்டுகிறவள் ஆயிற்றே. அத்தை போனதும் முகம் அணைந்துவிட்டது. தன் தலையைச் சீவிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றுவதில்லை.

கோபம் கோபமாக வருது. ஏம்மா என்கிட்ட சொன்ன? நான் என்ன பெரிய மனுஷியா? தம்பி மேலயும் கோபம். பால் குடிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், உடனே அழுகை வருது. நான் கெட்டவளா? நாளைக்கு நானும் அம்மாவானால் எனக்கும் இப்படித்தான் ஆகுமா?

மார்ச் 12
வகுப்பு ஆசிரியை அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். "நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போறோம். நடிப்புன்னு தெரிஞ்சுது, தொலைஞ்ச" என்றார் அப்பா. அம்மா அயர்ன் செய்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

மார்ச் 13
டாக்டரிடம் போய்விட்டு வந்தோம்.

டாக்டரம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "தூக்கம் வருதாம்மா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கு எதைக் கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்வது எங்கள் வழக்கம். இன்றும் சொன்னாள். "எங்க வருது? படுத்தா நெஞ்சு படபடங்குது."

"சாப்பாடு?"

"வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கு."

"அழுகை வருதா?"

"அது வந்தாலும் தேவலையே டாக்டர்."

அப்பா நிமிர்ந்தார். "யாருக்கு, இவளுக்கா? நேத்து என் தட்டுல இருந்ததையும் சேர்த்துத் தின்னாளே!"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு வயித்துவலி இல்ல டாக்டர். அம்மாவைப் பாருங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை— அதை எழுத முடியவில்லை.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அப்பா மடியில் தம்பி. சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "எவ்வளவு நாளா?" என்று கேட்டார். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டரிடம்தான் சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். இது மீறினதில் சேருமா?

மார்ச் 14
அம்மா என்னோடு பேசவில்லை.

மார்ச் 16
இன்றும் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை டாக்டரிடம் போய்ப் பேச வேண்டுமாம். தனியாக விடக்கூடாதாம். பகலெல்லாம் அத்தை இருக்கிறார். துணி மடித்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னார்: "என் சின்னவன் பொறந்தப்போ எனக்கும் இப்படித்தான். சொன்னா பைத்தியம்பாங்களேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்." அப்பாவுக்கே அது தெரியாதாம். கிண்டல் எதுவும் செய்யாமல் என் சட்டையை மடித்துக் கையில் கொடுத்தார்.

மார்ச் 20
பள்ளிக்குப் போனேன். கடைசி மணி அடித்ததும் வீடுவரை ஓட்டம். இருந்தாள்.

மார்ச் 24
"அந்த டவலை எடு" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். என்னிடம்தான்!

ஏப்ரல் 6
சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன்மேல கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள். பிறகு, "ராத்திரி அவன் அழுதா நீ எழுந்திருக்காத. நான் பார்த்துக்கறேன். முடியலன்னா கூப்பிடறேன். அப்பாவையும் கூப்பிடுவேன். சத்தியமெல்லாம் கேக்காத" என்றாள்.

இதோ, அடுத்த அறையில் அழுகிறான். அழுகை ஏறுகிறது. ஓடிப்போகச் சொல்லிக் கால் பரபரக்கிறது. ஏன் இன்னும் அம்மாவின் சத்தம் இல்லை? தூங்கிவிட்டாளா? சுவரைப் பார்த்துக்கொண்டு—

கட்டில் கிறீச்சிடுகிறது. "வரேண்டா, கத்தாத. எனக்கென்ன நாலு கையா?"

படுக்கப் போகிறேன்.