பெட்டியின் மேல் என் வாக்கியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இந்த வயதிலும் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை.

நான் அனுப்பிய, கேட்டதற்குப் பதில் பேசும் கருவியின் பெட்டியில், "உங்கள் வீட்டுப் பேச்சை யாரும் கேட்பதில்லை" என்று இருக்கிறதல்லவா? எங்கள் கம்பெனியின் அந்த வாக்குறுதியைத் தமிழில் எழுதியது நான்தான் என்று உங்களிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வீடுகளில் கருவி பதிவு செய்து, அதற்குப் புரியாமல் போன பேச்சைக் காதில் கேட்டு எழுதித் தருவதுதான் அங்கே வேலை. முதல் நாளே ஒரு வயதான தம்பதியின் குரல்.

"மெதுவாப் பேசுங்க, அந்த டப்பா கேக்குது" என்றாள் மனைவி.

"அட போடி, யாரும் கேக்க மாட்டாங்க. பெட்டி மேலயே போட்டிருக்கான்" என்றார் அவர்.

அதை நம்பி அவள், தன் மார்பில் கட்டி இருப்பதாகவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லி அழுதாள். நான் ஒரு பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்தேன். "உங்க வேலைன்னா வேலைதான் மேடம்" என்றார் மேலாளர். நான் நன்றி சொன்னேன், அக்கா. கான்வென்டில் மரியாதை படித்தவள், நன்றி சொன்னேன்.

அங்கே விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள், எதைப் பற்றியானாலும் சரி. அந்தக் கருவியின் வயரை இன்றே பிடுங்கிவிடுங்கள். இதுவரை அதன் எதிரில் என்னவெல்லாம் பேசினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் தங்கை