ஒரே ஒரு முறை அழுத்திய விரல்

14 செப்டம்பர் 1998, திங்கள் இரவு

விண்வெளியில் நம்மைப் போல் அறிவுள்ள யாரையாவது மனிதர்கள் என்றாவது சந்திப்பார்களா? இன்று இயற்பியல் வகுப்பில் கருங்குழி ஊரிலிருந்து வரும் பெண் ஒருத்தி கேட்டாள். தெரியாது என்றேன். யாராவது இருக்கலாம், ஆனால் தூரம் அதிகம். நாம் கூப்பிட்டு அவர்கள் பதில் சொல்வதற்குள் கேட்க நாம் இருக்க மாட்டோம்.

"அப்ப எதுக்கு மேடம் ரேடியோவ வெச்சிகினு தேடறாங்க?"

வகுப்பே சிரித்தது. ஒரு முறை மட்டும் வந்த சமிக்ஞையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது திரும்ப வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து இவர் கண் திறக்கவில்லை. பேசிக்கொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர். எனக்கு அது வருவதில்லை. நாத்தனார்தான் வாய் ஓயாமல் பேசுகிறாள்.

"அண்ணா, அண்ணி வந்திருக்காங்க. வழக்கம்போல உம்முனு நிக்கிறாங்க. எழுந்து நீயே திட்டு."

அவள் காபி வாங்கப் போனதும் இவர் கையைப் பிடித்து, "ஏங்க, கேக்குதா?" என்றேன். விரல் என் கையை அழுத்தியது. இன்னொரு தடவை அழுத்துங்க என்று வெகுநேரம் கெஞ்சினேன். ஒன்றுமில்லை. வெறும் தசைத் துடிப்பாக இருக்கலாம்.

நாளை டாக்டர் கேட்பார். அசைவே இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவார். வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன...

செவ்வாய்

காலையிலும் விரல் அசையவில்லை. டாக்டர் கேட்டார். இரண்டு முறை அழுத்தினார் என்று சொன்னேன்.