பின் சீட்டில் கட்டுமாவடி

அன்புள்ள வியாகுலமேரிக்கு,

என் எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று, நானே எழுதும் முதல் கடிதம் அல்லவா! முழங்கால் வலி குறைந்ததா? கோவையில் நான் சுகம்.

நேற்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு ஹைபிரிட் கார் வந்தது. ஓட ஓட ஏசியில் குளிர்ச்சி போய்விடுகிறதாம். மெக்கானிக் ஜெஸ்வின் கேஸ், பில்டர் எல்லாம் பார்த்தான், குறையில்லை. காரைத் துடைக்கப் போன நான், பின் சீட்டோரத் துளைகளை ஒரு பை அடைத்திருப்பதைக் காட்டினேன். பேட்டரிக்குக் காற்றுப் போகும் வழியாம் அது. பேட்டரி சூடானதால் ஏசி அடங்கிவிட்டதாம்.

"எங்க ஊர்க் கருவாடுங்க, அதையா குத்தஞ் சொல்றீங்க?" என்றார் கார்க்காரர். பையில் நம் ஊர்ப் பெயரை, 'கட்டுமாவடி' என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன்! பையை எடுத்து, பேட்டரி ஆறியதும் ஏசி சில்லென்றது. எனக்குத்தான் அந்த வாசனையை விட்டு நகர மனமில்லை.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. பொட்டலத்தின் மேல் யாரையாவது உன் பெயரை எழுதச் சொல். இதுவரை நானே எழுதித்தான் அதை வாசித்திருக்கிறேன். அது ஊரிலிருந்து வந்து நான் வாசிக்க ஆசை.

பூசைக்கு மணி அடிக்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் கணவன் இருதயநாதன்